ஒன்பது வயது நாய்க்கு மனிதக் கணக்கில் எத்தனை வயது? ஏழால் பெருக்காதீர்கள்

3 ஜூன் 2024, கம்பத்திலிருந்து வந்த கேள்வி

"அக்கா, எங்கள் வீட்டுக் கோம்பை நாய்க்கு இந்த வைகாசியில் ஒன்பது வயது நிறைந்துவிட்டது. இரவில் திராட்சைத் தோட்டத்துக் காவல் அவன்தான். ஏழால் பெருக்கினால் 63. என் அப்பாவுக்கும் 63. 'நானே இன்னும் மண்வெட்டி பிடிக்கிறேன், அவனுக்கு என்ன ஓய்வு?' என்கிறார் அப்பா. அம்மாவோ, 'வாயில்லா ஜீவன், உழைத்தது போதும், வீட்டோடு கிடக்கட்டும்' என்கிறாள். பூனை ஒன்றும் இருக்கிறது. அதற்கும் ஒன்பது. அதுவும் 63 என்றால் இன்னும் எப்படி ஓட்டின் மேல் ஓடுகிறது? யார் சொல்வது சரி?"

4 ஜூன் 2024

தம்பி, முதலில் அந்த ஏழு என்ற எண்ணை விடுங்கள். நாய்க்கும் பூனைக்கும் முதல் ஆண்டு மனிதரின் 15 வயதுக்குச் சமம். இரண்டாம் ஆண்டில் இன்னும் 9 சேர்ந்து 24. அதன் பிறகுதான் இரண்டும் பிரிகின்றன. பூனைக்கு ஆண்டுக்கு 4 கூட்டுங்கள், நடுத்தர அளவு நாய்க்கு 5. அமெரிக்கக் கால்நடை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு இதுதான். எங்கள் குமுளி மிருகாஸ்பத்திரியில் இருக்கும் டாக்டரும் இதையே சொல்கிறார்.

உங்கள் பூனை 24-உடன் ஏழு நான்கு 28 சேர்ந்து 52. ஓட்டின் மேல் ஓடுவதில் வியப்பில்லை. நாய் 24-உடன் ஏழு ஐந்து 35 சேர்ந்து 59. அப்பாவைவிட நான்கு வயது இளையவன். ஆனால் அப்பா ராத்திரி முழுக்கப் பனியில் படுப்பதில்லை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.

4 ஜூன் 2024, இரவு

காலையில் அவசரமாக எழுதினேன். பறிப்புக்கு ஆட்கள் ஜீப்பில் வந்து இறங்கிவிட்டார்கள். நான் ஏன் ஏழின் மேல் இவ்வளவு கோபமாக இருக்கிறேன் என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்களுக்கு ஏலத்தோட்டம் கிடைத்த புதிதில் செவலை என்று ஒரு பெட்டை நாய் இருந்தது. எட்டு மாதம். நானும் ஏழால்தான் பெருக்கினேன். ஐந்து வயதுகூட ஆகாத குழந்தை என்று மனதில் பதிந்துவிட்டது. தோட்டத்தில் அவிழ்த்துவிட்டு, லயத்து நாய்களோடு விளையாடட்டும் என்று இருந்தேன். அவள் பருவத்துக்கு வந்ததையே நான் கவனிக்கவில்லை. வயிறு இறங்கிய பிறகுதான் சினை என்று தெரிந்தது. இரண்டு மாதம், அறுபத்து மூன்று நாள் சுமாருக்குத்தான் நாயின் சினைக்காலம். யோசிக்க நேரமே இல்லை.

காய் உலர்த்தும் ஸ்டோருக்குப் பின்னால் பழைய சாக்குகளின் மேல் ஐந்து குட்டிகள் போட்டாள். முதல் குட்டி வந்ததும் அதை நக்கத் தெரியாமல் எழுந்து பின்வாங்கி என் காலுக்குப் பின்னால் வந்து நின்றாள். உடல் நடுங்கியது. நான்தான் சேலைத் தலைப்பால் குட்டியின் மூக்கைத் துடைத்தேன். மூன்று குட்டிகள் பிழைக்கவில்லை. உடம்பு தாயாகிவிட்டிருந்தது, அவள் இன்னும் வளர்ந்து முடியவில்லை. முதல் ஆண்டு முடியும்போது 15 என்ற கணக்கு அன்றைக்குத் தெரிந்திருந்தால், ஆறாம் மாதமே அவளைத் தனியே கட்டியிருப்பேன், கருத்தடைக்கு நாள் குறித்திருப்பேன்.

பூனை இன்னும் வேகம். நான்கு மாதத்திலேயே பருவத்துக்கு வரும் பூனைகள் உண்டு. குட்டி என்று நினைத்திருக்கும்போதே குட்டி போட்டுவிடும்.

6 ஜூன் 2024

கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஒருவர் கேட்கிறார்: "மனிதர் எழுபது வருடம், நாய் பத்து வருடம். ஏழு என்பது சராசரியாகச் சரிதானே?"

மொத்த ஆயுளை மொத்த ஆயுளால் வகுத்தால் ஏழுக்குப் பக்கத்தில் ஏதோ ஓர் எண் வரும், மறுக்கவில்லை. ஆனால் பஸ் குமுளியிலிருந்து கம்பம் போக எவ்வளவு நேரம் ஆகும் என்பது தெரிந்தால், கொண்டை ஊசி வளைவில் அது என்ன வேகத்தில் திரும்பியது என்று தெரிந்துவிடுமா? நாயின் உடல் முதல் ஆண்டில் பாய்கிறது, பிறகு மெல்ல நடக்கிறது. ஏழு அந்த இரண்டையும் மறைத்துவிடுகிறது.

இன்னொன்று, எந்த நாய்? கிரேட் டேன் ஏழிலிருந்து பத்து ஆண்டுதான் வாழ்கிறது. சிவாவா பதினாலு பதினைந்தைச் சாதாரணமாகத் தொடுகிறது. யானை எலியைவிட நெடுங்காலம் வாழ்வதைப் பார்த்த நமக்கு இது தலைகீழாகத் தோன்றும். ஆனால் நாய் இனத்துக்குள் பெரிய உடம்பு சீக்கிரம் மூப்படைகிறது. சிறிய நாய்கள் சிறியதாக இருப்பதற்கு ஐ.ஜி.எஃப்-1 என்ற வளர்ச்சிக் காரணியின் மரபணு ஒரு முக்கியக் காரணம் என்று 2007-இல் கண்டுபிடித்தார்கள். அதே வளர்ச்சிப் பாதைக்கும் மூப்புக்கும் தொடர்பு இருப்பதாகக் கருதுகிறார்கள். ஆகவே இரண்டு வயதுக்குப் பிறகு சிறிய நாய்க்கு ஆண்டுக்கு 4, நடுத்தரத்துக்கு 5, மிகப் பெரிய இனத்துக்கு 7 வரைகூடப் போகலாம்.

9 ஜூன் 2024

புதிய சூத்திரம் ஒன்று இருக்கிறதே என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். இருக்கிறது. சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் ட்ரே ஐடெக்கர் குழுவினர் 2020-இல் வெளியிட்டது. நாலு வாரக் குட்டி முதல் பதினாறு வயதுக் கிழம் வரை 104 நாய்களின் ரத்தத்தை ஆராய்ந்தார்கள், பெரும்பாலும் லாப்ரடார். டி.என்.ஏ. இழையின் மேல் மெத்தில் என்னும் சிறு வேதிக் குறிகள் வயதாக ஆகச் சில இடங்களில் கூடுகின்றன, சில இடங்களில் குறைகின்றன. நாயின் குறிகளையும் மனிதரின் குறிகளையும் பக்கத்தில் வைத்துப் பொருத்திப் பார்த்து ஒரு சூத்திரம் எழுதினார்கள். நாயின் வயதுக்கு மடக்கை கண்டு, 16-ஆல் பெருக்கி, 31 கூட்ட வேண்டும்.

கம்பத்துத் தம்பியின் நாய்க்குப் போட்டுப் பார்த்தேன். 46 வருகிறது. ஆக அவன் இன்னும் நடுவயதுதான்.

10 ஜூன் 2024

நேற்று எழுதிய 46 தவறு. அதை யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பிளஸ் டூ படிக்கும் என் மகன் பார்த்துச் சொன்னான். கைபேசிக் கணிப்பானில் நான் பொது மடக்கையை (log) அழுத்தியிருக்கிறேன். இந்தச் சூத்திரத்துக்கு வேண்டியது இயல் மடக்கை (ln). ஒன்பதின் இயல் மடக்கை 2.197. பதினாறால் பெருக்கினால் 35, கூட்டினால் 66. நடுவயது என்று சொல்லி ஒரு கிழவனை இரவுக் காவலுக்கு அனுப்பப் பார்த்தேன். தம்பி, மன்னிக்கவும்.

மகனையே உட்காரவைத்து மற்ற வயதுகளையும் போடச் சொன்னேன். ஒரு வயது நாய்க்கு 31 வருகிறது. இரண்டுக்கு 42, நாலுக்கு 53, பன்னிரண்டுக்கு 71. எட்டு வாரக் குட்டி ஒன்பது மாதக் குழந்தைக்குச் சமம் என்று அந்த ஆய்வு சொல்வது எனக்குப் பிடித்திருக்கிறது, இருவருக்கும் அப்போதுதான் பல் முளைத்துக்கொண்டிருக்கிறது. பன்னிரண்டுக்கு 71 என்பதும் பொருந்துகிறது. ஆனால் ஒரு வயதுக்கு 31 என்பதை என் மனம் ஏற்கவில்லை. ஒரு வயதுச் செவலையைப் பார்த்தவள் நான். செருப்பைக் கடித்துக்கொண்டு ஏலச்செடிகளுக்கு நடுவே ஓடியது முப்பத்தொரு வயதுப் பெண் அல்ல. உயிரணுவில் விழுந்த குறி ஒன்று, எலும்பும் புத்தியும் முதிர்வது வேறு. லாப்ரடார் ரத்தத்தில் எழுதிய கணக்கைக் கோம்பைக்கும் ராஜபாளையத்துக்கும் சிப்பிப்பாறைக்கும் அப்படியே போடுவதும் சரியாகப் படவில்லை. பூனைக்கு அறவே பொருந்தாது.

12 ஜூன் 2024

பக்கத்து வீட்டுச் சேச்சியிடம் பொமரேனியன் ஒன்று இருக்கிறது. பன்னிரண்டு வயது. வாய் நாறுகிறது, ஒரு பக்கமாகவே மெல்லுகிறது. பல் காரையை எடுத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னதற்கு, "எண்பத்து நாலு வயதுக் கிழவியை இனி எதற்கு வேதனைப்படுத்த வேண்டும்?" என்று சேச்சி திரும்பி வந்துவிட்டார். பன்னிரண்டு ஏழு எண்பத்து நாலு!

நான் கூட்டிக் காட்டினேன். சிறிய நாய், ஆண்டுக்கு 4. இருபத்து நாலோடு நாற்பது, 64. என் மாமியாருக்கு 64-இல்தான் கண் அறுவை நடந்தது, இன்றைக்கும் ஊசியில் நூல் கோக்கிறார். சேச்சி ஒன்றும் சொல்லவில்லை. நாயைத் தூக்கி மடியில் வைத்து, உதட்டை விலக்கி, வெகுநேரம் பல்லையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏழு என் செவலையைக் குழந்தையாக்கியது, சேச்சியின் நாயைப் படுகிழமாக்கியது. இரண்டு இடத்திலும் செய்ய வேண்டியதைச் செய்யவிடாமல் தடுத்தது.

16 ஜூன் 2024

உலகத்திலேயே வயதான நாய் எது என்று கேட்டு, போபி என்ற போர்த்துகல் நாயின் படத்தை அனுப்பியிருக்கிறார் ஒருவர். போபிக்கு 30 வயது என்று 2023 பிப்ரவரியில் கின்னஸ் அறிவித்தது உண்மை. அந்த அக்டோபரில் போபி இறந்துபோனது. ஆனால் பிறந்த ஆண்டுக்குப் போதிய சான்று இல்லை என்று 2024 பிப்ரவரியில் அந்தப் பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். இப்போது நம்பத்தக்கதாக நிற்பது ஆஸ்திரேலியாவின் ப்ளூயி. மாடு ஓட்டும் நாய். 1939-இல் இறந்தபோது 29 ஆண்டும் ஐந்து மாதமும் ஆகியிருந்தது.

மகனுக்கு இது நல்ல வேலையாகிவிட்டது. ஏழால் பெருக்கினால் ப்ளூயிக்கு 203. ஐந்து கூட்டும் என் கணக்கில் 159. மடக்கைச் சூத்திரத்தில் 85. "அம்மா, உன் கணக்குத் தோற்றுவிட்டது" என்றான். ஆமாம், இந்த இடத்தில் தோற்றுவிட்டது. 85 என்பதைத்தான் கண்ணால் பார்த்திருக்கிறோம். டெக்சாஸில் 38 வயது வரை வாழ்ந்து 2005-இல் இறந்த க்ரீம் பஃப் என்ற பூனைக்கு என் கணக்கில் 168 வருகிறது. எனவே என் கணக்கைப் பதினைந்து, பதினாறு வயது வரைக்கும் மட்டும் நம்புங்கள். அதற்கு மேல் வாழும் உயிரை எண்ணால் அளக்க எனக்கு விருப்பமும் இல்லை.

23 ஜூன் 2024

"பிறந்த தேதியே தெரியாதே, எதை வைத்துக் கூட்டுவது?" நல்ல கேள்வி. நம் வீட்டு நாய் பூனைகளில் முக்கால்வாசி தெருவிலிருந்து வந்தவைதானே.

குட்டியாக வந்தால் பல் சொல்லிவிடும். நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28, நாலாம் மாதவாக்கில் விழத் தொடங்கி, ஏழாம் மாதத்துக்குள் 42 நிலைப்பற்களும் வந்துவிடும். பூனைக்குப் பால்பற்கள் 26, நிலைப்பற்கள் 30. அதன் பிறகு காரையையும் தேய்மானத்தையும் பார்த்து உத்தேசமாகச் சொல்வதுதான். கல்லைக் கடிக்கும் நாயின் பல் சீக்கிரம் தேய்ந்துவிடும், அதை வைத்து வயதைக் கூட்டிவிடக் கூடாது.

வந்த நாளை ஊர் நிகழ்ச்சியோடு முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் நாய் கரியன் 2018 ஆகஸ்டில் வந்தான், செறுதோணி அணையின் ஷட்டரை இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகு திறந்த அந்த வாரம். நனைந்த குட்டி, முன்பல் இரண்டு ஆடிக்கொண்டிருந்தன. நாலு மாதம் என்று வைத்தோம். பூனை மல்லி அதற்கும் முந்தியவள். 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு தகராறில் குமுளி எல்லை அடைபட்டு, கம்பத்து ஜீப்புகள் மேலே வராமல், பழுத்த காய் சரத்திலேயே உதிர்ந்துகொண்டிருந்த நாட்களில் ஆளில்லாத ஸ்டோருக்குள் கத்திக்கொண்டிருந்தாள். அப்போது உள்ளங்கையளவு. ஆக இப்போது பன்னிரண்டரை. கூட்டினால் 66.

25 ஜூன் 2024

மாமியார் கேட்கிறார், "எண்ணு எதற்கு, பருவம் தெரிந்தால் போதாதா?" பெண்ணுக்குப் பேதை, பெதும்பை, மங்கை, மடந்தை, அரிவை, தெரிவை, பேரிளம்பெண் என்று ஏழு பருவம் பிரித்தவர்கள் நாம். தொல்காப்பிய மரபியலில் நாய், பன்றி, புலி, முயல் இவற்றின் இளமைக்குக் குருளை என்று பெயர், வெருகு என்னும் காட்டுப் பூனையின் இளமைக்குக் குட்டி.  பூனை மருத்துவர்களும் 2021-இல் எண்ணை விட்டுப் பருவத்துக்கே வந்திருக்கிறார்கள். ஒரு வயது வரை குட்டி, ஆறு வரை இளமை, ஏழு முதல் பத்து வரை முதிர்ச்சி, பத்துக்கு மேல் முதுமை. மாமியாரிடம் சொன்னேன், மிகவும் மகிழ்ந்துபோனார்.

7 ஜூலை 2024

கரியனின் கண்மணியில் நீலச் சாம்பல் படர்ந்திருக்கிறது. ஆறு வயதில் புரையா என்று பதறி ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். டாக்டர் அறையை இருட்டாக்கி விளக்கடித்துப் பார்த்தார். ஒளி உள்ளே தடையில்லாமல் போகிறது. வயதாக ஆக விழி வில்லையின் நடுப்பகுதி இறுகி இப்படி நீலம் பூக்கும், ஆறேழு வயதிலேயே தொடங்கும், பார்வை பெரிதாகக் கெடாது என்றார். புரை என்றால் வெள்ளையாகத் திரண்டு ஒளியை மறிக்குமாம். நாற்பதைத் தாண்டிய மனிதர் நாளிதழைத் தள்ளிப் பிடித்துப் படிப்பதற்கும் வில்லை இறுகுவதுதான் காரணம். கரியனுக்கு என் கணக்கில் 44, எனக்கு 46. நான் கடந்த மாதம்தான் கண்ணாடி மாற்றினேன்.

28 ஜூலை 2024

கம்பத்துத் தம்பி நாயை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் வந்து எழுதியிருக்கிறார். எடை 27 கிலோ. நான் ஜூன் 4-இல் எடையைக் கேட்காமலே நடுத்தரம் என்று ஐந்து கூட்டினேன். 27 கிலோ பெரிய நாய் வரிசையின் தொடக்கம், ஐந்தரை வைத்தால் 62 அல்லது 63. சுற்றிச் சுற்றி ஏழு சொன்ன இடத்துக்கே வந்துவிட்டோம்! ஒன்பது வயதில், இந்த எடையில், இரண்டு கணக்கும் ஒன்றையொன்று கடந்துபோகின்றன. அதற்காக ஏழைத் திரும்பக் கையில் எடுக்காதீர்கள். அதே ஏழுதான் எட்டு மாதத்தில் என்னை ஏமாற்றியது.

வயது எண்ணைவிட டாக்டர் சொன்ன வேறு விஷயம் முக்கியம். நாயின் எதிர்பார்க்கும் ஆயுளில் கடைசிக் கால் பங்கை முதுமை என்று வைக்கிறார்கள். பன்னிரண்டு ஆண்டு வாழும் நாய்க்கு ஒன்பதில் முதுமை தொடங்குகிறது. எட்டு ஆண்டு வாழும் ராட்சத நாய்க்கு ஆறில், பதினாறு வாழும் சிறிய நாய்க்குப் பன்னிரண்டில். எனக்கு இது மிகவும் பிடித்துவிட்டது. எந்தப் பெருக்கலும் வேண்டாம், முக்கால் கழிந்ததா என்று பார்த்தால் போதும்.

தம்பியின் நாய்க்குப் பின்னங்கால் இடுப்பு மூட்டில் தேய்மானம். காலையில் எழும்போது இரண்டு முறை உட்கார்ந்து எழுகிறான் என்று இப்போதுதான் கவனித்தார்களாம். அப்பா தன் முட்டிவலி மாத்திரையில் பாதியைக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறார். வேண்டாம், வேண்டவே வேண்டாம். ஐபுப்ரொஃபென் நாயின் குடலைப் புண்ணாக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். பூனைக்குப் பாரசிட்டமால் ஒரு மாத்திரையே உயிரைப் பறித்துவிடும். வயது ஒத்துப்போனாலும் மருந்து ஒத்துப்போகாது. டாக்டர் எழுதிக் கொடுப்பது மட்டும்.

11 ஆகஸ்ட் 2024

மல்லி நேற்றிரவு சாக்கிலிருந்து எழ முடியாமல் கத்தினாள். விளக்கைப் போட்டுப் பார்த்தால் முன்காலின் நகம் சணலில் மாட்டிக்கொண்டிருக்கிறது. பிரித்தெடுத்துப் பாதத்தை அழுத்தினேன். நகம் அரிவாள் மாதிரி வளைந்து, தடித்து, நுனி மெத்தைச் சதையைத் தொட்டுவிட்டிருந்தது. இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் உள்ளே இறங்கியிருக்கும். இளம் பூனை மரத்தில் கீறிக் கீறிப் பழைய நகத் தோலை உதிர்த்துவிடும், கிழப் பூனை கீறுவதைக் குறைத்துவிடுகிறது. பதினெட்டு நகங்களில் ஐந்து இப்படி இருந்தன. மகன் துண்டில் சுற்றிப் பிடித்துக்கொண்டான், நான் வெட்டினேன்.

பன்னிரண்டரை, 66 என்று ஜூனில் எழுதியவள் நான்தான். எழுதிவிட்டு அவள் பாதத்தைத் தூக்கிப் பார்க்கவில்லை. ஏழு வயதுக்கு மேல் பூனை வைத்திருப்பவர்கள் தயவுசெய்து இன்றே பாருங்கள். தண்ணீர் கூடுதலாகக் குடிக்கிறதா, எடை குறைகிறதா என்பதையும் சேர்த்துப் பாருங்கள், சிறுநீரகம் கெடுவது பூனைக்கு முதுமையில் அதிகம். வலியை அது வாய்விட்டுச் சொல்லாது. மல்லி கத்தியதும் நகம் மாட்டியதால்தான்.

22 செப்டம்பர் 2024

சேச்சியின் நாய்க்குப் பல் சுத்தம் செய்தாகிவிட்டது. ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் மயக்க மருந்து கொடுத்தார்கள். நாலு பல் போயிற்று. இப்போது இரு பக்கமும் மெல்லுகிறது.

கம்பத்துத் தம்பியின் கடிதமும் வந்தது. இரவுக் காவலுக்கு இளம் நாய் ஒன்றை வாங்கிவிட்டார்கள், அதுவும் கோம்பைதான். பழையவனை வீட்டில் கட்டினால் ஊளையிடுகிறானாம். அதனால் அப்பா காலையில் மொபெட்டின் முன்பலகையில் அவனை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறார். பந்தல் நிழலில் சாக்கு விரித்து வைத்திருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு வெயில் ஏறியதும் இருவரும் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். மதியத்துக்கு மேல் அப்பாவும் மண்வெட்டி எடுப்பதில்லையாம்.

தம்பி, புதிய குட்டிக்கு இப்போது மூன்று மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். வெறிநோய்த் தடுப்பூசியை இந்த வாரமே போட்டுவிடுங்கள். பெட்டையா கடுவனா என்று எழுதவில்லையே?